ஓக்லஹோமா சூனர்ஸ் சாஃப்ட்பால்: சீசனும் வெளியூர்த் தொடர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி பிறந்தால் போதும், எங்கள் வட்டத்தில் கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஓக்லஹோமா பல்கலைக்கழகம் (அதன் அணிகளுக்குத்தான் சூனர்ஸ் என்று பெயர்) இருக்கும் நார்மன் பக்கம் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்தவர்கள், கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் முழுசாகப் பார்த்திராதவர்கள், ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்காக ஊரே ஏன் கருஞ்சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறது என்று கேட்பார்கள். வருஷா வருஷம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வெளியூர்த் தொடருக்குக் காரில் வரப்போகிறவர்கள் கீழ்ப்பாதியையாவது படித்துவிட்டு ஏறுங்கள்.

இது பேஸ்பால்தானே? பெண்கள் ஆடினால் சாஃப்ட்பால், அவ்வளவுதானா?

இல்லை. 1887-இல் சிகாகோவில் ஒரு படகுக் குழாமின் கூடத்துக்குள் விளையாட்டாக ஆரம்பித்தது இது, பேஸ்பாலின் தங்கைதான், ஆனால் அளவுகள் வேறு, வேகம் வேறு. பந்தின் சுற்றளவு 12 அங்குலம் (கிரிக்கெட் பந்து கிட்டத்தட்ட 9). பெயரில்தான் சாஃப்ட், கையில் பட்டால் தெரியும். பந்தைத் தோளுக்குக் கீழே, கையை ராட்டினம் மாதிரி ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் வீச வேண்டும். வீசும் இடத்திலிருந்து அடிக்கிறவர் நிற்கும் இடம் 43 அடி. நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்பதை நினைத்துக்கொண்டு, 2025-இல் டென்னசி அணியின் கார்லின் பிக்கென்ஸ் மணிக்கு 79.4 மைல், அதாவது சுமார் 128 கிலோமீட்டர் வேகத்தில் வீசியதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். பந்து தரையில் குத்தி வருவதில்லை, நேராக வருகிறது, அரை விநாடிகூட இல்லை. மேலே எழும்புவது போலத் தோன்றும் ரைஸ் பால் என்று ஒன்று உண்டு, முதல் தடவை மைதானத்தில் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நம் கண்ணையே நம்ப முடியாது.

மொத்தம் 7 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் மூன்று அவுட் விழும் வரை மட்டை பிடிக்கும். 5 இன்னிங்ஸ் முடிந்து ஒரு அணி 8 ரன் முன்னிலையில் இருந்தால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. சாதாரண ஆட்டம் இரண்டு, இரண்டரை மணி நேரம்.

சீசன் எப்படி ஓடுகிறது?

பிப்ரவரி தொடக்கத்தில் ஆரம்பம். அப்போது வடக்கே எல்லாம் பனி, ஆகவே முதல் சில வாரங்கள் எல்லோரும் கலிபோர்னியா, ஃப்ளோரிடா, மெக்சிகோவின் புவேர்ட்டோ வல்லார்ட்டா என்று வெயிலைத் தேடிப் போய், ஒரே வாரயிறுதியில் நாலைந்து ஆட்டம் ஆடுவார்கள். இதைப் பயிற்சி ஆட்டம் என்று நினைக்காதீர்கள், எல்லாம் கணக்கில் சேரும். மார்ச்சில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் ஆரம்பிக்கும். மே முதல் பாதியில் கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட், அப்புறம் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) டோர்னமென்ட்: 64 அணிகள், நான்கு நான்காக 16 ஊர்களில் ரீஜனல், அதில் வென்ற 16 அணிகள் இரண்டிரண்டாகச் சூப்பர் ரீஜனல், மிஞ்சிய 8 அணிகள் ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் விமன்ஸ் காலேஜ் வேர்ல்ட் சீரிஸுக்கு. அது முடியும்போது ஜூன் வந்திருக்கும்.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

ரஞ்சிக் கோப்பையில் இருக்கும் குரூப் மாதிரி என்று சொல்லி வைப்போம், ஆனால் இது நிரந்தரமான குரூப், பல்கலைக்கழகங்கள் தாங்களே சேர்ந்து அமைத்துக்கொண்டது, தொலைக்காட்சிப் பணத்தில் பெரும்பகுதி இதன் வழியாகத்தான் வருகிறது. ஓக்லஹோமா வெகுகாலம் பிக் 12 என்ற கான்ஃபரன்ஸில் இருந்தது. பெயர்தான் 12, சாஃப்ட்பால் ஆடிய அணிகள் பல வருஷம் 7-தான். 2024 ஜூலை 1 அன்று ஓக்லஹோமாவும் டெக்சஸும் எஸ்இசி (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்கு மாறின. காரணம் அமெரிக்கன் ஃபுட்பால் வருமானம், சாஃப்ட்பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் வினை அனுபவிப்பது சாஃப்ட்பால் பெண்கள். எஸ்இசியில் 16 பல்கலைக்கழகங்கள், வாண்டர்பில்ட்டைத் தவிர 15-ம் சாஃப்ட்பால் ஆடுகின்றன, 2025-இல் அந்தப் பதினைந்தில் 14 அணிகள் என்சிஏஏ டோர்னமென்டுக்குத் தேர்வாகின. புரிகிறதா? மூச்சு விடுவதற்கு ஒரு சுலபமான வாரயிறுதி என்பதே இல்லை.

ஒவ்வொரு அணிக்கும் 8 தொடர்கள், தொடருக்கு 3 ஆட்டம், மொத்தம் 24. பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில்.

ஓக்லஹோமா உண்மையிலேயே அவ்வளவு பெரிய அணியா, இல்லை நீங்கள் ஊர்ப் பாசத்தில் சொல்கிறீர்களா?

ஊர்ப் பாசம் உண்டு, மறுக்கவில்லை. கணக்கையும் சொல்கிறேன். பயிற்சியாளர் பேட்டி காசோ 1995 சீசன் முதல் இங்கே இருக்கிறார். 2000, 2013, 2016, 2017, அப்புறம் 2021-இலிருந்து 2024 வரை வரிசையாக நான்கு என்று 8 தேசியப் பட்டங்கள். வரிசையாக நான்கு வென்றது இந்த ஓர் அணிதான். (மொத்தப் பட்டங்களில் 12 எடுத்த யூசிஎல்ஏதான் இன்னமும் முதலிடம், அதையும் சொல்லிவிட வேண்டும்.) 2023-இல் 61 வெற்றி, 1 தோல்வி. அந்த ஒரு தோல்விக்குப் பிறகு 71 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றார்கள், அதற்கு முன் சாதனை அரிசோனாவின் 47.

ஜோசலின் ஆலோ என்ற பெயரை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஹவாய்க்காரர், கல்லூரிக் காலத்தில் 122 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, பந்தை வேலி தாண்டி அடிப்பது), பழைய சாதனையான 95-ஐ அவர் தாண்டியது 2022 மார்ச்சில், அதுவும் சொந்தத் தீவில் ஆடப் போயிருந்தபோது.

அந்த 71 எப்படி உடைந்தது என்பது தனிக் கதை. 2024 மார்ச் 1 அன்று நார்மனில் லவ்ஸ் ஃபீல்ட் என்ற புது மைதானம் திறந்தார்கள், 4,200 இருக்கை. திறந்து இரண்டே நாளில், மார்ச் 3 அன்று, லூசியானா அணி வந்து 8 இன்னிங்ஸில் 7-5 என்று வென்று சங்கிலியை அறுத்துவிட்டுப் போனது. புதுமனை புகுவிழாவில் பால் பொங்காமல் அடுப்பு அணைந்த மாதிரி இருந்தது. அப்போது லூசியானாவின் பயிற்சியாளர் ஜெரி கிளாஸ்கோ. அந்தப் பெயரை ஞாபகம் வையுங்கள், திரும்ப வருவார்.

வெளியூர்த் தொடர் என்றால் ஏன் இவ்வளவு பதற்றம்? மைதானம் எல்லா இடத்திலும் ஒரே அளவுதானே?

கிட்டத்தட்ட ஒரே அளவுதான். பேஸுக்கும் பேஸுக்கும் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய மூலைகள்) இடையே 60 அடி எங்கே போனாலும் 60 அடி. ஆனாலும் இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் நிறைய எழுத ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ஒரு அணியைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வெளியூரில் அது ஆடும் மூன்று நாளைப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

முதலில், டாஸ் கிடையாது. சொந்த ஊர் அணி எப்போதும் இரண்டாவதாகத்தான் மட்டை பிடிக்கும். வெளியூரில் நீங்கள் 7-ஆவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலை எடுத்தாலும் ஆட்டம் முடியாது, எதிரணிக்கு இன்னும் மூன்று அவுட் பாக்கி. ஊர்க்காரர்களுக்கோ சமனில் இருக்கும்போது ஒரே அடி, அங்கேயே முடிந்தது. இருபது ஓவர் ஆட்டத்தில் எப்போதும் இலக்கைத் துரத்துகிறவனாக இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம்.

இரண்டாவது, கூட்டம். இந்த மைதானங்கள் சின்னவை, இரண்டாயிரமோ நாலாயிரமோதான் கொள்ளும். சின்னதாக இருப்பதால்தான் கஷ்டம். லட்சம் பேர் கத்தினால் அது வெறும் இரைச்சல், மூவாயிரம் பேர் இருபதடி தூரத்தில் உட்கார்ந்து கத்தினால் ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழும். அலபாமாவின் ரோட்ஸ் ஸ்டேடியத்திலோ, அர்கன்சாவின் போகல் பார்க்கில் மொத்தக் கூட்டமும் எழுந்து (காட்டுப்பன்றிதான் அவர்கள் அணிச் சின்னம்) பன்றி கூப்பிடும் குரல் கொடுக்கும்போதோ நடுவில் நிற்கும் 19 வயதுப் பெண்ணின் நிலையை யோசியுங்கள். ஓக்லஹோமா வருகிறது என்றாலே டிக்கெட் தீர்ந்துவிடும், ஆக எங்கள் பெண்கள் போகும் இடமெல்லாம் திருவிழாக் கூட்டம்தான், எதிர்க்கோஷ்டித் திருவிழா.

மூன்றாவது, தூரம். பிக் 12 காலத்தில் ஓக்லஹோமா ஸ்டேட் அணியின் ஊரான ஸ்டில்வாட்டருக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். இப்போது ஃப்ளோரிடாவின் கெயின்ஸ்வில் சாலை வழியாகச் சுமார் 1,800 கிலோமீட்டர். அணி விமானத்தில்தான் போகிறது, ஆனாலும் வியாழக்கிழமையே கிளம்ப வேண்டும், ஞாயிறு ராத்திரிதான் திரும்ப முடியும், திங்கள் காலை வகுப்பு.

எண்கள் வேண்டுமா? 2024, ஓக்லஹோமா பட்டம் வென்ற ஆண்டு, மொத்தம் 59 வெற்றி, 7 தோல்வி. கான்ஃபரன்ஸில் 22-5. அந்த ஐந்தில் நான்கு தோல்விகள் இரண்டே வெளியூர்த் தொடர்களில்: ஏப்ரலில் ஆஸ்டினில் டெக்சஸிடம் இரண்டு, மே தொடக்கத்தில் ஸ்டில்வாட்டரில் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் இரண்டு. பிக் 12 லீக் முதலிடமும் டெக்சஸுக்கே போனது. அதே டெக்சஸை ஜூனில் இறுதித் தொடரில் 8-3, 8-4 என்று இரண்டே ஆட்டத்தில் முடித்தார்கள். எங்கே? ஓக்லஹோமா சிட்டியில், டெவான் பார்க்கில், நார்மனிலிருந்து அரை மணி நேரத்தில். இதைச் சொன்னால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும், ஆனால் தேசியக் கோப்பை வருஷா வருஷம் நம் கொல்லைப்புறத்தில் நடக்கிறது என்பது கொஞ்சநஞ்ச உதவி இல்லை.

மூன்று நாளும் ஒரே ஆளா பந்து வீசுவது?

ஒரு காலத்தில் அப்படித்தான். கீழ்க்கை வீச்சு தோளை அவ்வளவாகத் தின்பதில்லை என்ற நம்பிக்கையில், நல்ல பிட்சர் (பந்து வீசுகிறவர்) ஒருத்தி இருந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவளே என்று ஓட்டினார்கள். இப்போது அது அபாயம். தோள் தாங்கினாலும் எதிரணிக் கண் பழகிவிடும். வெள்ளிக்கிழமை மூன்று தடவை பார்த்த சேஞ்ச்-அப்பை (வேகமாக வீசுவது போலக் காட்டி மெதுவாக விடும் பந்து) ஞாயிற்றுக்கிழமை நான்காவது தடவையாகப் பார்க்கும்போது அது மெதுவாக வரும் பரிசுப் பந்து.

2025-இல் டெக்சஸும் டெக்சஸ் டெக்கும் (இரண்டும் வேறு வேறு பல்கலைக்கழகங்கள்) மோதிய இறுதித் தொடரில் இது அப்படியே நடந்தது. டெக்சஸ் டெக் அணியின் நைஜாரி கனேடி, ஒரு வருஷ ஒப்பந்தத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியவர், அணியை ஏறக்குறைய ஒற்றை ஆளாக இறுதி வரை சுமந்து வந்தார். முதல் ஆட்டத்தில் டெக்சஸின் ரீஸ் அட்வுடை அடிக்கவிடாமல், எட்டாத தூரத்தில் வீசி வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிடப் போட்ட பந்து போதுமான அளவு வெளியே போகவில்லை, அட்வுட் எட்டி அடித்து இரண்டு ரன் எடுத்துவிட்டார், டெக்சஸுக்கு 2-1. இரண்டாவது ஆட்டம் டெக் 4-3. மூன்றாவது நாள் முதல் இன்னிங்ஸிலேயே டெக்சஸ் 5 ரன் எடுத்தது, கனேடியை வெளியே எடுத்துவிட்டார்கள், முடிவு 10-4, டெக்சஸுக்கு முதல் பட்டம். கனேடி திடீரென்று மோசமான பிட்சர் ஆகிவிடவில்லை, அவருடைய பந்தை எதிரணி மனப்பாடம் செய்துவிட்டது.

ஆகவே தொடருக்கு முன்னால் என்னிடம் "யார் ஜெயிப்பார்கள்" என்று கேட்காதீர்கள், "மூன்றாவது பிட்சர் யார்" என்று கேளுங்கள்.

எஸ்இசிக்குப் போன முதல் வருஷம் என்ன ஆயிற்று?

பலரும் கவிழ்ந்துவிடும் என்றுதான் சொன்னார்கள். டியாரே ஜென்னிங்ஸ், ஜேடா கோல்மன், கின்சி ஹேன்சன் என்று நான்கு பட்டக் கூட்டம் மொத்தமும் படிப்பு முடித்துப் போய்விட்டது. புதுமுகங்களை வைத்துக்கொண்டு 2025-இல் 17-7 என்று எஸ்இசி லீக் முதலிடம் எடுத்தார்கள், எனக்கே ஆச்சரியம். முக்கியப் பிட்சர் சாம் லேண்ட்ரி, எங்கிருந்து வந்தார் தெரியுமா, சங்கிலியை அறுத்த அதே லூசியானாவிலிருந்து. எஸ்இசி டோர்னமென்ட் இறுதி ஆட்டம் ஜார்ஜியாவின் ஏதென்ஸில் மழையில் போனது, டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் ஓக்லஹோமாவும் கூட்டுச் சாம்பியன்.

அப்புறம் வேர்ல்ட் சீரிஸ் அரையிறுதி. டெக்சஸ் டெக் 2-0 முன்னிலை, 7-ஆவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். அபிகேல் டேட்டன் வந்து ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார், நான் நாற்காலியிலேயே இல்லை. அடுத்த பாதியிலேயே டெக் ஒரு ரன் எடுத்து 3-2. வரிசையாக ஐந்தாவது பட்டம் போயே போச்சு. டெக்கின் பயிற்சியாளர் யார்? ஜெரி கிளாஸ்கோ. லூசியானாவிலிருந்து அங்கே போயிருந்தார். ஆண்டு முடிவில் ஓக்லஹோமாவுக்கு 52 வெற்றி, 9 தோல்வி.

ஏப்ரலில் ஒரு வெளியூர்த் தொடர் தோற்றால் மே மாதத்தில் என்ன குறைந்துவிடும்?

தேர்வுக் குழு முதல் 16 அணிகளுக்கு வரிசை எண் கொடுக்கும், அந்த 16 பேருக்கும் ரீஜனல் சொந்த ஊரில். முதல் 8 எண்ணுக்குள் இருந்து ரீஜனலையும் வென்றால் சூப்பர் ரீஜனலும் சொந்த ஊரில். 8-க்கும் 9-க்கும் நடுவில் இருப்பது ஒரு விமானப் பயணமும் நாலாயிரம் எதிரிகளும். ஏப்ரலில் வெளியூரில் மூன்றையும் தோற்று ஸ்வீப் ஆகாமல் ஒரே ஒரு ஆட்டத்தையாவது பிடுங்கிக்கொண்டு வருவதன் மதிப்பு அப்போதுதான் தெரியும். மூன்றில் இரண்டு வென்றால் பாயசம்.

வரிசை எண் இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. 2025-இல் முதல் எண் வாங்கிய டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் சொந்த ஊர் ரீஜனலிலேயே லிபர்டியிடம் தோற்று வெளியேறியது, முதல் எண் அணிக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

இப்படி ஊர் ஊராகச் சுற்றினால் படிப்பு?

இதை அம்மாக்கள்தான் கேட்பார்கள், தவறாமல். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி, ஆட்டம் வைக்கக் கூடாது என்று என்சிஏஏ விதி. ஆனால் பயண நேரம் அந்த 20-இல் சேராது, சூட்சுமம் அங்கேதான். விமானத்தில் லேப்டாப், ஓட்டலில் பரீட்சை, கூடவே பாடம் சொல்லித்தர ஆள். சுகமான வாழ்க்கை என்று நான் சொல்ல மாட்டேன்.

காரில் போய்ப் பார்க்கக்கூடிய வெளியூர்த் தொடர் எது?

நார்மனிலிருந்து அர்கன்சாவின் ஃபேயெட்வில் சுமார் நாலு மணி நேரம், இதுதான் கிட்டம். ஆஸ்டினும் காலேஜ் ஸ்டேஷனும் (டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் ஊர்) டாலஸ் நெரிசலைப் பொறுத்து ஆறு, ஆறரை. மிசௌரியின் கொலம்பியா ஏழு மணி நேரமாவது ஆகும். மற்றதெல்லாம் விமானம். இந்த அணிகளிடம் ஒவ்வொரு வருஷமும் நாம் போவதில்லை, அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டை முன்னாலேயே வாங்குங்கள், வாசலில் கிடைக்காது. ஊடுருவித் தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். வெளிச் சாப்பாடும் பெரும்பாலும் விடமாட்டார்கள், புளிசாதத்தைக் கார் நிறுத்தத்திலேயே முடித்துவிடுங்கள். மார்ச்சில் ராத்திரி ஆட்டத்துக்கு ஸ்வெட்டர், ஏப்ரல் மத்தியானத்துக்குத் தொப்பி. முதல் பேஸ் கோட்டுக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் போனை நோண்டாதீர்கள், தப்பி வரும் பந்து உங்களிடம் அனுமதி கேட்காது.

மழை வந்தால்?

மழையைவிட மின்னல்தான் பிரச்சினை. கிட்டத்தில் மின்னினால் ஆட்டம் நிற்கும், கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் எண்ணுவார்கள், 29-ஆவது நிமிடத்தில் இன்னொன்று மின்னினால் மறுபடி முதலிலிருந்து. இந்த ஊர் வசந்தத்தில் அது சகஜம். வானிலை அறிக்கையைப் பார்த்து நேரத்தை முன்னே இழுப்பதும், சனிக்கிழமை ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைப்பதும் உண்டு. எனவே ஓட்டல் அறையை ரத்து செய்ய முடிகிற மாதிரி எடுங்கள்.

வீட்டிலிருந்தே பார்க்கலாமா?

தாராளமாக. ஈஎஸ்பிஎன், எஸ்இசி நெட்வொர்க், இல்லாவிட்டால் அவர்களுடைய ஆப். தொலைக்காட்சிக்காகவே சில தொடர்களைச் சனி, ஞாயிறு, திங்கள் என்று தள்ளி வைப்பார்கள், வெள்ளி ராத்திரி போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று எனக்கு போன் செய்யாதீர்கள்.

ஞாயிறு ஆட்டத்தை விட்டுவிட்டு சனி ராத்திரியே திரும்பிவிடலாமா? திங்கள் ஆபீஸ் இருக்கிறது.

கேட்பீர்கள் என்று தெரியும். முதல் இரண்டு ஆட்டமும் நாம் வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் போய்க்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். 1-1 என்று இருந்தால் என் கார் ஞாயிறு கடைசி அவுட் விழுந்த பிறகுதான் கிளம்பும். ராத்திரி பதினொன்றோ பன்னிரண்டோ ஆகும், நடுவழியில் காபிக்கு ஒரு தடவை நிறுத்துவேன். அவசரமாகத் திரும்ப வேண்டியவர்கள் தனி வண்டியில் வாருங்கள்.